இருபத்திரண்டு நிமிஷம்

கடிகார அம்மாவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாடுகூட நின்றபடிதான். தொழில் தகுதிக் குழுமத்தில் ஒன்பது வருஷமாக அவள் வேலையே அப்படி. பட்டறை பட்டறையாகப் போய், வேலை செய்கிறவர் பக்கத்தில் ஸ்டாப் வாட்சோடு நின்று, எதை, எந்த வரிசையில், எத்தனை நிமிஷத்தில் செய்கிறார் என்று எழுத வேண்டும். பட்டறைக்காரர்கள் ‘கடிகார அம்மா’ என்று பெயர் வைத்ததும் அதனால்தான். அவள் எழுதுவது குழுவுக்குப் போய், விதியாகி, பரீட்சையாக வெளியே வரும். தேறினால் சான்றிதழ். வெல்டர், தையல்காரர், குழாய் வேலைக்காரர் என்று பதினேழு தொழிலுக்கு அவள் எழுதியதுதான் இன்றைக்கும் ஓடுகிறது. அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்றால் பொய்.

லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு மூன்று பேரைப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. சொந்தக்காரரைப் பார்க்கக் கூடாது என்று விதியில் இல்லை. எழுதினவர்களுக்கு இப்படி ஒருத்தி வந்து சேருவாள் என்று தோன்றவில்லை போலிருக்கிறது.

பிரேக்கைச் சரிசெய்ய முதல் இரண்டு பேருக்கும் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. தம்பி இருபத்திரண்டில் முடித்துவிட்டுக் கையைத் துடைத்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற இருவரும் மந்தம் என்று தானே தீர்மானித்து, இருபத்திரண்டு என்று எழுதிவிட்டாள். குழுவில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் லிஃப்டில் ஏறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து வந்தது உத்தரவு. சான்றிதழ் இல்லாதவர்கள் மாதக் கடைசிக்குமேல் லிஃப்டைத் தொடக் கூடாது. பதினெட்டு வருஷமாக அதே வேலையில் இருக்கிற தம்பி சிரித்துக்கொண்டே பரீட்சைக்குப் போனான். பிரேக்குக்கு முப்பத்தொன்பது நிமிஷம். ஃபெயில்.

கேள்விப்பட்டதும் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அவன் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏன்டா, அன்னைக்கு இருபத்திரண்டுல முடிச்சவனுக்கு இப்ப என்ன கேடு?"

"அன்னைக்கா? நீ வர்றதுக்கு முன்னாடியே மூடியெல்லாம் கழட்டி, துடைச்சு, எல்லாத்தையும் தயாரா வச்சிருந்தேன்க்கா. அந்த மிஷின் ரூம்ல என்னா வெக்கை! நீ கால் வலிக்க நிக்கணுமேன்னுதான்."

"அடப்பாவி! அதைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"எங்க சொல்ல விட்டே? ‘என் தம்பி, என் தம்பி’ன்னு கீழ வாட்ச்மேன்கிட்ட வரைக்கும் பெருமையடிச்சே. அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிக்கா சொல்றது?"

ஆபீஸுக்குப் போய்ப் பட்டியலைப் புரட்டினாள். தம்பியோடு சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த ஒரே இடத்தில் விழுந்திருந்தார்கள். அத்தனை பேர் வீட்டு அடுப்பிலும் அவளே போய்த் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது.

திருத்தம் கேட்கும் படிவத்தை எடுத்தாள். அதில் ‘பிழைக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம். ‘பதிவுப் பிழை’ என்று இரண்டு சொல் எழுதினால் வேலை முடிந்தது, யாரும் தோண்டப் போவதில்லை. வராந்தாவில் போனாள், வந்தாள், தாகமில்லாமலே நாலு தடவை தண்ணீர் குடித்தாள். பதினேழு தொழிலிலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினவளுக்கு இதில் மட்டும் பொய் எழுதக் கை வரவில்லை. கடைசியில் எழுதினாள்: ‘மூன்றாவது ஆள் என் தம்பி. பாதி வேலையை நான் வருவதற்குமுன்பே முடித்திருந்தான். பெருமையில் நான் விசாரிக்கவில்லை.’

இயக்குநர் இரண்டு முறை படித்தார். "இதை இப்படியே அனுப்பணுமாம்மா? வேற மாதிரி எழுதிக் குடுங்களேன்."

"எழுதினது எழுதினதுதான் சார்."

ஒன்பது நாள் முள்மேல் நின்றாள். பத்தாம் நாள் ஆணை வந்தது. பிரேக்குக்கு இனி நாற்பத்தைந்து நிமிஷம். அந்தக் கணக்கில் தேறினவர்களுக்கு உடனே சான்றிதழ். கடைசிப் பத்தியில் தம்பியைப் பற்றித் தனியாக நாலு வரி. அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்களா என்று விசாரணை நடக்கும், அது முடியும்வரை அவன் முடிவு நிறுத்தி வைக்கப்படும், மறுபடி பரீட்சை எழுதவும் கூடாது. விசாரணை என்றால் ஆறு மாதமாவது ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததா?

மாதக் கடைசியன்று அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி கருவிப் பையைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை பேர் தேறிட்டாங்கக்கா?"

"இருநூத்திப் பதினொண்ணு."

"அடேயப்பா! என்கூட வேலை பார்க்கிற நாலு பேரும் அதுல இருக்காங்க. ‘உங்க அக்கா புண்ணியம்’னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க." அவன் சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. "சும்மா பதிவுப் பிழைன்னு எழுதியிருந்தா நானும் அதுல இருந்திருப்பேன், இல்லக்கா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆமாடா" என்றாள்.