பனி தங்கிய கூரை

வடக்கு இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எங்கள் பெல் தெரு, சரிவில் ஒட்டி நிற்கும் இருபத்து நான்கு வீடுகள். உறைபனி விழுந்த காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கூரைகளைத்தான் பார்ப்பார்கள். எதில் பனி சீக்கிரம் கரைகிறதோ, அந்த வீட்டு ஹீட்டர் வானத்துக்கு எரிகிறது என்று அர்த்தம். எப்போதும் முதலில் கறுப்பது பதினைந்தாம் எண் கூரை. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் எனக்கு அது ஜன்னலிலேயே தெரியும்.

அது கிளெனிஸ் ஹோல்ராய்டின் வீடு. வயது ஐம்பத்தேழு, நகரப் பேருந்து ஓட்டுநர். கணவர் நார்மனுக்கு நெஞ்சு பலவீனம். போன குளிரில் படுக்கையிலும் கோட்டைக் கழற்றவில்லை. அவரைக் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள அவருடைய அக்கா ஒரு பெட்டியே அனுப்பிவிட்டார். அது படுக்கையறைக் கதவோரம் நின்றது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்க," என்று கிளெனிஸ் அந்த அக்காவிடம் போனில் சொன்னார். "அதுக்கப்புறமும் அவன் நடுங்கினா நானே கொண்டுவந்து விடறேன்."

கூரை வழியே சூடு போவதைத் தடுக்க ஆள் வைக்க வசதியில்லை. உறை கிழிந்ததால் பாதி விலைக்குத் தள்ளிய, சூட்டை வெளியே விடாத கண்ணாடிப் பஞ்சுச் சுருள்களை வாங்கினார். மீதியைத் தெருவில் கேட்டார். பல பரண்களில் ஒரு சுருளாவது மிச்சம் கிடந்தது. ஞாயிறுதோறும் முகமூடியோடு கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஏறி, பலகையில் முழங்காலிட்டு, உத்திரங்களுக்கு நடுவே ஓர் அடுக்கு, அதன் மேல் குறுக்காக இன்னோர் அடுக்கு விரித்தார். ஏணியில் சுருளை ஏந்திக் கொடுத்தது பக்கத்து வீட்டு ட்ரெவரும் நானும்.

"என்ன கிளெனிஸ், பஸ்ஸ மேல நிறுத்தப் போறியா?" என்றார் ட்ரெவர்.

"ஆமா, உனக்கு மட்டும் டிக்கெட் கிடையாது. தூக்குய்யா."

ஒரு விரல் இடைவெளியையும் அவர் பொறுக்கவில்லை. கூரை தாழ்ந்து முடியும் இறவாரம் வரை பஞ்சை இறுக்கித் திணித்தார். மூன்றாம் வாரம் நார்மனின் தலைமாட்டில் நீர் சொட்டியது.

"ஓடு போச்சு," என்றார் ட்ரெவர். "கூரையவே மாத்தணும்."

ஒரு வாரமாக மழையே இல்லை. கிளெனிஸ் ஏறி விளக்கடித்தார். ஓட்டு ஆணி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. வெகுநேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

"ஓட்டுல ஒண்ணும் இல்ல. ஜன்னலெல்லாம் சாத்தின பஸ் மாதிரி வேர்க்குது. ஓரத்துல காத்து வர்ற வழிய நான்தான் அடச்சிருக்கேன்."

தவழ்ந்து தவழ்ந்து, ஓரமெங்கும் பஞ்சை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார். அன்று மாலை முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆணிகள் உலர்ந்தன.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன் பனி கொட்டியது. காலை பத்து மணிக்குத் தெருவின் கூரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. பதினைந்து மட்டும் வெள்ளையாகவே இருந்தது. ட்ரெவர் தெரு நடுவில் நின்று பார்த்தார்.

"உன் வீட்டுல ஹீட்டரே போடலயா?"

"உள்ள வந்து பாரு."

நானும் போனேன். நார்மன் கோட் இல்லாமல் வெறும் சட்டையோடு உட்கார்ந்து, அக்காவிடம் போனில் "நான் வரலக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

"இத பரண்ல போட்டுடவா?"

"தொட்ட, கைய ஒடச்சிடுவேன்," என்றார் கிளெனிஸ். "பஞ்சு நசுங்கினா சூடு நிக்காது. கட்டிலுக்கு அடியில தள்ளு."