எங்கள் வீட்டு இருமல்

"இந்த ஊர்ல ஒருத்தருக்கும் ஒரு நோயும் இல்லையாம் அக்கா. எல்லாம் இரும்புல அடிச்ச உடம்பு!"

வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே என் ஓரகத்தி தினமும் இதைத்தான் புலம்புவாள். என் கொழுந்தனின் மனைவி. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. அடுப்பு மட்டும் ஒன்று. அதில் வேகிறவள் நான். சுகாதாரத் துறைக்காக வீடு வீடாகப் போய் நோய்க் கணக்கு எடுப்பது அவள் வேலை. தெருவில் அவளுக்குப் பெயரே கணக்கக்கா.

செத்தவர்களை எண்ணினால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"அது பாதிக் கணக்குக்கா. சாகாம படுத்துக் கிடந்த நாளு, வேலைக்குப் போக முடியாத நாளு, எல்லாம் சேர்த்தாத்தான் ஒரு நோய் ஊரை எவ்வளவு தின்னுச்சுன்னு தெரியும்."

எந்தத் தெருவுக்கு மருந்து, எந்தத் தெருவுக்கு டாக்டர் என்பதெல்லாம் அதை வைத்துத்தானாம். ஆனால் ஜனங்கள் வாயைத் திறந்தால்தானே? இருமலைப் பற்றிக் கேட்டால் போதும், வீடே ஆரோக்கியமாகிவிடும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆம்பளையைக் கேட்காதே, சமைக்கிறவளைக் கேள். யார் தட்டில் சோறு மிஞ்சியது என்று அவளுக்குத்தான் தெரியும். ஆபீஸிலும் அதையே எல்லாருக்கும் விதியாக்கிவிட்டார்கள்.

ஒருநாள் எங்கள் வீடே கணக்கில் வந்தது. தன் வீட்டைத் தானே எடுக்கக் கூடாது என்பதால், கூட வேலை பார்க்கும் பெண் வந்தாள். நான் கடைக்குப் போயிருந்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை என்று என் ஓரகத்தியே சொல்லி அனுப்பிவிட்டாள்.

பிறகு மேற்பார்வையாளர் அம்மா வந்தார். சில வீடுகளில் மட்டும் அவர் மறுபடி கேட்பார். முதலில் சொன்னதுக்கும் இப்போது சொல்வதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால், ஊர் எவ்வளவு மறைக்கிறது என்று பிடிபடுமாம்.

"சமைக்கிறது யாரும்மா?"

"நான்தான், வேற யாரு வருவா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல யாருக்காவது இருமல் இருக்கா?"

"இருக்கே. இதோ, உங்க ஆளுக்குத்தான். மேல இவ இருமுனா கீழ என் பாத்திரம் ஆடுது."

என் பின்னால் நின்றவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த அம்மா அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த நேரம் பார்த்தா இருமல் வர வேண்டும்? கையை வாயில் அழுத்தியும் நிற்கவில்லை.

அந்த அம்மா போனதும், "மானத்தை வாங்கிட்டீங்களே அக்கா" என்றாள்.

"மானம் கிடக்கட்டும். முதல்ல நுரையீரல் இருக்கான்னு பாரு."

"இருமுறவன்னு தெரிஞ்சா எவ எனக்குக் கதவைத் திறப்பா? அதான் மறைச்சேன்."

சளியைச் சோதித்தார்கள். காசநோய். அவள் போய் வந்த வீடுகளுக்கெல்லாம் வேறு ஆட்கள் போய்ச் சோதித்தார்கள். நல்லவேளை, இதுவரை யாருக்கும் இல்லை. ஆனாலும் எங்கள் தெருத் தையல்காரர் மனைவி குழாயடியில் சொன்னாள்: "கணக்கெடுக்க வந்தவ, கையோட கொடுத்துட்டும் போகப் பார்த்தாளே." நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் அந்தப் பேச்சு மாடி ஏறிவிட்டது.

"அவங்க சொல்றது சரிதானே அக்கா? மறைக்காதீங்க, மறைக்காதீங்கன்னு ஒவ்வொரு வாசல்லயும் சொல்லிக்கிட்டே இருமியிருக்கேன்."

கொண்டுபோன கஞ்சியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மருந்து சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இனி அடுத்தவருக்குத் தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் கீழே இறங்குவதில்லை. யாராவது படியேறினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். போன வாரம் ஒருநாள் அன்றைய மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்தில் வந்து விழுந்தது. நடுவில் நிறுத்தினால் நோய் முரட்டுத்தனமாகத் திரும்பும் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடிப்போய்க் கத்தினேன்.

"பிழைச்சு யார் முகத்துல முழிக்கப் போறேன்?" என்றாள்.

நான் திட்டி இது தீராது. அவள் யார் முகத்தைப் பார்க்கக் கூசுகிறாளோ, அவர்கள்தான் வர வேண்டும். அவளுக்குக் கதவு திறந்துவிட்ட வீட்டுக்காரர்களே, ஒருநடை வந்து பாருங்கள். வாசலோடு விசாரித்துவிட்டுப் போக வேண்டாம்; மாடி ஏறி, கட்டில் பக்கத்தில் உட்காருங்கள். தூங்குகிறேன் என்பாள், நம்பாதீர்கள். தையல்காரர் மனைவியும் வரலாம். என் வாயை நான் அடக்கிக்கொள்கிறேன்.