செண்பகம் எடுத்த மூன்று கரண்டிகள்

காலையில் செண்பகத்தின் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆகும். வெந்நீரில் கையை வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிய பிறகுதான் வேலைக்குக் கிளம்புவாள். ஐம்பத்து மூன்று வயது. மேற்கு மாம்பலத்தில் ஒரே அடுக்குமாடியில் மூன்று வீடுகளுக்குச் சமையல். மூட்டுவாதம் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வீடுகளில் இருந்த கரண்டிகளுக்கெல்லாம் தகடு மாதிரி மெல்லிய காம்பு. அவள் பிடியில் நிற்காமல் சுழன்றன. தெருமுனை சைக்கிள் கடை இனாயத்திடம் ஒரு கரண்டியைக் கொடுத்து, காம்பில் ஹேண்டில்பார் ரப்பரை மாட்டித் தரச் சொன்னாள். இரண்டாம் நாளே, அந்த மூன்றில் ஒரு வீட்டுக்காரியான மஹதி கேட்டுவிட்டாள்.

"ஏன் செண்பகம், சாம்பார்ல டயர் வாசனை வரதே?"

அந்த ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குப் போனாள். பாத்திரக் கடையில் விற்பனைக்கு நின்றவர் வெள்ளைச்சாமி. அவள் ஒவ்வொரு கரண்டியாக எடுத்துக் காற்றில் கிண்டிப் பார்த்தாள்.

"எக்கா, எல்லாம் ஒரே கரண்டிதான். எதாச்சும் ஒண்ண எடுங்க."

"தண்ணி இருந்தா ஒரு குண்டான்ல ஊத்திக் குடு நைனா. கிண்டிப் பாத்தாதான் தெரியும்."

அவர் முறைத்தார். பிறகு அவள் விரல் முட்டிகளைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பதினோரு கரண்டிகளை முக்கி எடுத்தாள். உருண்டு தடித்த மரக்காம்பு போட்ட குழிக்கரண்டி, அதே மாதிரி ஒரு தோசைத்திருப்பி, கனமில்லாத மர அன்னக்கரண்டி. இந்த மூன்றும் கையில் நின்றன. ஒரு துணிப்பையில் போட்டு வீடு வீடாகத் தூக்கிப் போனாள். ஐந்து மாதம் அந்த மூன்றும் அவளைக் காப்பாற்றின.

ஆனால் சோற்றுப் பானையைக் கரண்டியால் தூக்க முடியாதே. மஹதியின் மாமனார் ராமானுஜத்துக்குச் சர்க்கரை. வடித்த சாதம்தான் வேண்டும். ஆடி மாதம் ஒரு காலை, கஞ்சி வடிக்கப் பானையைச் சாய்த்தபோது வலது கை விட்டுவிட்டது. கொதிக்கும் கஞ்சி அவளுடைய இரண்டு பாதங்களிலும் கொட்டியது. ராமானுஜம் இரண்டடி தள்ளி, காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

ஆட்டோவில் போகும்போதுதான் மஹதி அந்த விரல்களை உற்றுப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு வருசமா கீதும்மா."

"மாமா மேல கொட்டியிருந்தா?"

செண்பகமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

புண் ஆற ஆறு வாரம். அதற்குள் செய்தி அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டது. மற்ற இரண்டு வீட்டாரும் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்கள். மஹதி மட்டும் நேரில் வரச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதே செண்பகம்," என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முடிவில் மாற்றமில்லை.

அன்று விட்டுப்போன கரண்டிப் பையை எடுக்க அடுக்களைக்குள் போனாள். புதிதாகச் சேர்ந்திருந்த பேச்சியம்மாள் செண்பகத்தின் தோசைத்திருப்பியால் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும்.

"உங்களுதாக்கா? நல்லா புடிமானமா கீது. எங்க வாங்கினீங்க?"

செண்பகம் கடையையும் அது இருக்கும் தெருவையும் சொன்னாள். அவசரம் ஒன்றுமில்லை, தோசையை முடித்துவிடட்டும் என்று காத்து நின்றாள். மாவு முக்கால் பாத்திரம் இருந்தது. நின்று பாதம் எரிந்ததும், "மூணையும் நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு படி இறங்கினாள்.

இப்போது நங்கநல்லூரில் ஒரு கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறாள். பலகையில் வைக்கும் காசை நகத்தால் கிள்ளி எடுக்க முடிவதில்லை. தட்டிலேயே போடச் சொல்கிறாள். வீட்டில் மருமகள் ஷண்முகப்ரியாதான் சமையல். செண்பகம் எழுந்து அடுக்களைப் பக்கம் போனால், "அத்தை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்," என்று வாசலிலேயே நின்றுகொள்கிறாள். அன்பாகத்தான் சொல்கிறாள். செண்பகமும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.