ஜுனைதா அராவிய ரேம்

ஜுனைதா எந்த மின்சாரச் சாமானையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் வாங்கமாட்டாள். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் சாய்ந்தமருதுப் பக்கம் பலருக்கும் வந்த பழக்கம்தான். கடல் குடித்த றேடியோவையும் மின்விசிறியையும் காயவைத்துத் துடைத்துப் புதிதென்று விற்றார்கள். உப்புக் கரித்தால் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அர்த்தம். மற்றவர்கள் ஒரு வருடத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஜுனைதா விடவில்லை. உப்புக் கரிக்காவிட்டால் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடும். நன்றாகக் கழுவியிருக்கிறான் என்பாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. கடல் அவளுடைய புருசனையும், அவள் நடத்திய தட்டெழுத்து வகுப்பையும், அதிலிருந்த பதினொரு மெசினையும் ஒரே காலையில் கொண்டுபோனது. மிச்சத்தை மனிதர்கள் கொண்டுபோனார்கள். நிவாரணத் தையல் மெசினுக்கென்று ஒருவன் கையெழுத்து வாங்கினான், வீட்டுக்கென்று இன்னொருவன் வாங்கினான். இரண்டும் வேறு யாருக்கோ கிடைத்தன. அதற்குப் பிறகு யாராவது சலாம் சொன்னால்கூட, என்ன காரியமாகச் சொல்கிறான் என்று யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

இரண்டாயிரத்து ஏழில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தாள். பாஸ்போட் வந்துவிட்டது, மெடிக்கலும் முடிந்துவிட்டது. ஒன்பது வயது மகள் அம்ஹாவை மதினி றாஹிலாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட அதிபர் ஒரு வழி சொன்னார். வீட்டில் கம்பியூட்டர் ஒன்று இருந்தால் தவணைப் பரீட்சைத் தாள்களை அவளே அடித்துக் கொடுக்கலாம். மற்றப் பள்ளிக்கூடங்களும் வேலை தரும். ஆனால் மாதம் முடிவதற்குள் தயாராக வேண்டும். கம்பியூட்டர் ஓடினால் மகளோடு இருக்கலாம். ஓடாவிட்டால் குவைத்துதான்.

பாகங்களை முழுதாகப் பூட்டி விற்கும் கம்பியூட்டரின் விலை அவளுக்கு எட்டாது. எட்டினாலும் வாங்கியிருக்கமாட்டாள், பெட்டிக்குள் என்ன கிடக்கிறதென்று யார் கண்டது. ஒவ்வொன்றாக வாங்கித் தானே பூட்டுவதென்று பக்கத்துக் கல்முனையில் இராசதுரையின் கடைக்குப் போனாள். அவர் தமிழர், அவளுடையது முஸ்லிம் ஊர். இரண்டு ஊரும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அவர் கடையில்தான் விலை குறைவு. மற்றதெல்லாம் செருகிக்கொள்ளும் மதர்போர்டை அவர் எடுத்து வைத்தார். ஜுனைதா அதன் ஓரத்தை நாக்கால் தொட்டாள். இராசதுரை பார்க்காதவர் போல வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இதுக்கு இந்தப் புரொசெசர்தான் பொருந்தும் தங்கச்சி. பவர் சப்ளை இருபத்துநாலு ஊசி உள்ளதா எடுங்க. ரேம் டிடிஆர் டூ மட்டும்தான். பழைய ரேம் போடேலாது,” என்றார்.

“அந்த டூ உங்கட கடையிலதான் இரிக்குமாக்கும்.”

“எங்க வேணுமெண்டாலும் வாங்குங்க. டூ எண்டு கேட்டு வாங்குங்க.”

எங்கே வேண்டுமானாலும் வாங்கு என்று ஒரு கடைக்காரன் சொல்வானா? அதுவே அவளை உறுத்தியது. நினைவகத் துண்டான ரேம் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் அங்கே எடுத்தாள். ரேமை மட்டும் சொந்த ஊரில், பழைய வகையாக, பாதி விலைக்கு வாங்கினாள்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் நீளம் சரி, தடிப்பும் சரி. ரேமின் அடியிலிருக்கும் சிறிய வெட்டு மட்டும் ஒரு நெல்மணி அளவு தள்ளி நின்றது. ஜுனைதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஒரு வெட்டு இல்லையென்றால் எந்த ரேமும் எதிலும் போகும். தங்களிடமே வரவேண்டும் என்றுதானே இப்படி வைத்திருக்கிறார்கள்? அடுத்த வீட்டுத் தச்சனிடம் அரம் கேட்டு வாங்கி, வெட்டைப் பக்கவாட்டில் அராவி அகலமாக்கினாள். ரேமை அமுக்கியதும் உள்ளே போய்விட்டது. சுவிச்சைப் போட்டாள். மெல்லியதாகப் புகை வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அராவியதில் பிழை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. மதர்போர்டை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனாள். இராசதுரையின் கடையில் அவளுடைய ஊர் ஆட்கள் மூன்று பேர் நின்றார்கள்.

“கடல்ல கிடந்த போர்டைக் கழுவி எனக்கு வித்திருக்கீங்க,” என்றாள், வீதிக்கே கேட்கும்படி. “புருசன் இல்லாதவள் எண்டுதானே ஏமாத்தினீங்க.”

அந்த மூவரும் கிட்ட வந்தார்கள். இராசதுரை மதர்போர்டை வாங்கி, ரேமைக் கழற்றிப் பார்த்தார். அவளையும் பார்த்தார். ரேமைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“ஓம். கடல் பட்ட போர்டுதான். என்னில பிழை. வேற தாறன்,” என்றார்.

மூவரும் எடுத்த சாமானை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்கள். போகும்போதே ஒருவன் யாருக்கோ போன் எடுத்தான். அதன் பிறகுதான் இராசதுரை கையை விரித்துக் காட்டினார். அராவிய இடத்தில் பொன் நிறக் கம்பிகள் ஒன்றோடொன்று இழுபட்டுக் கருகியிருந்தன. சரியான ரேமை எடுத்துப் புதிய போர்டில் வைத்தார். ஒரு விரல் அழுத்தத்தில் அது உட்கார்ந்தது.

ஜுனைதா கருகிய ரேமை வெட்கத்தோடு வாங்கிக்கொண்டாள். “அப்ப ஏன் ஓமெண்டு சொன்னீங்க?”

“இல்லையெண்டு நான் வாதாடினா சண்டை வரும். பின்னேரம் ரெண்டு ஊரும் றோட்டுக்கு வரும். ஓமெண்டா என்ர கடை மட்டும்தானே போகும்.”

அன்று மாலையே அவள் வீட்டில் கம்பியூட்டர் ஓடியது. குவைத் பயணம் நின்றது, பரீட்சைத் தாள்கள் வந்தன. இராசதுரையின் கடைக்கு மட்டும் அவளுடைய ஊரிலிருந்து ஒரு குருவியும் போகவில்லை.

அது அவளைத் தூங்கவிடவில்லை. கருகிய ரேமை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பிழை தன்னுடையது, அந்த மனிதர் நல்லவர் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். முதல் வீடு றாஹிலாவின் வீடு. றாஹிலா முழுவதையும் கேட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்கார்ந்தாள்.

“மெய்யாச் சொல்லு மதினி,” என்றாள். “இப்பிடிக் கதைக்கச் சொல்லி அவன் உனக்கு என்ன தந்தவன்?”

ஜுனைதாவுக்குக் கோபம்கூட வரவில்லை. றாஹிலாவின் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.