பிப்ரவரி முப்பதில் பிறந்தவர்

மலை மேலே ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு மாடி அறையில் இரண்டு வருடமாகத் தனியாக இருந்தேன். வேலை முழுக்க லேப்டாப்பில். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. பனி இறங்கினால் எதிர்க்கடைகூடத் தெரியாது. நானே கேட்டு வாங்கிய தனிமைதான். ஆனாலும் கசந்தது.

மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் தொழிலாளர்களுக்குக் கண்புரை அறுவை முகாம் வைத்தார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து, பெயரையும் பிறந்த தேதியையும் டைப் அடித்து ஒரு ஃபைலாக அனுப்புவார். அதை வரிவரியாகப் படித்து முகாம் பட்டியல் தயாரிக்கும் வெப்சைட் என்னுடையது. இதற்கு முன் ஒரு வேலையில், ஏப்ரல் 31 என்று வந்ததை என் புரோகிராம் சத்தமில்லாமல் மே 1 ஆக்கிவிட்டது. அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சூடு கண்ட பூனை அல்லவா, இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினேன். காலண்டரில் இல்லாத தேதி வந்தால் அந்த வரியையே தள்ளிவிடு என்று. தள்ளியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. யாரிடமும் எதையும் சொல்லாமலே பழகியவன் நான்.

முகாம் நாளன்று காலை ரைட்டர் போன் செய்தார்.

"ஏனுங்க, ஒரு அம்மா பேரு லிஸ்டுல இல்லைங்க. ஆஸ்பத்திரி வண்டியில ஏத்த மாட்டேன்னுட்டாங்க."

தேடினேன். பிறந்த தேதி பிப்ரவரி 30. "இப்படி ஒரு தேதியே கிடையாதுங்களே!" என்று எரிந்து விழுந்தேன்.

"மாசக் கடைசியில பொறந்ததுன்னு சொன்னா, அந்தக் காலத்து ரைட்டருங்க எந்த மாசமா இருந்தாலும் முப்பதுன்னு எழுதிருவாங்க. எங்க ரிஜிஸ்டரு அப்படித்தானுங்க."

ஜீப் பிடித்துப் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எஸ்டேட் ஆபீஸ் வாசலில் அந்த அம்மாள் மட்டும் மஞ்சப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்து, இரண்டு ஆடுகளையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தவர். இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் நிற்பது யாரென்றுகூடத் தெரியாத நிலை.

"என் தப்புங்கம்மா" என்றேன்.

குரல் வந்த பக்கம் திரும்பினார். "எங்கம்மா மாசக் கடைசின்னுதான் சொல்லும் சாமி. அது போதாதுங்களா?"

"போதுமுங்க." எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே புரோகிராமை மாற்றினேன். நாள் தப்பாக இருந்தால் மாதத்தையும் வருடத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆளைத் தள்ளாது. சந்தேகமான வரியைக் காரணத்தோடு ரைட்டருக்கே திருப்பி அனுப்பும். அடுத்த முகாமுக்கு மூன்று மாதம் இருந்தது. அதுவரை அந்த அம்மாள் மேட்டுப் படிகளில் எங்கேயும் விழுந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். தினமும் பட்டியலைத் திறந்து அவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த நாட்களில் நான் கவலைப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

அடுத்த முகாமில் அறுவை நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"கொரலக் கேட்டு நல்லா வாட்டசாட்டமா இருப்பீங்கன்னு நெனச்சனுங்க. நொம்ப எளச்சுக் கெடக்கறீங்களே சாமி. ஊட்டுல ஆருமில்லைங்களா?"

இரண்டு வருடத்தில் என்னை அப்படிப் பார்த்துக் கேட்டவர் வேறு யாருமில்லை.

"ஆருமில்லைங்கம்மா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.