நீலமேறிய பல்

சாயக்கழிவு மூட்டைகளைக் கொட்ட வேலிக் கதவைத் திறந்துவிட்டவன் நான். அந்தப் பழியைக் காவலாளி தேவசகாயத்தின் மேல் போட்டவனும் நான்தான்.

நொய்யலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது அந்தப் பள்ளம். பழங்காலத்து ஆறு ஒன்று விட்டுப்போன மணல், கூழாங்கல், கல்லாகிப்போன விலங்கெலும்புகள். கல்லூரியில் நிலவியல் கற்பித்த நானே அலைந்து திரிந்து அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கினேன். அதனால் ஒரு சாவி என்னிடம் இருந்தது. மற்றொன்று, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தேவசகாயத்திடம். ஒரு கூழாங்கல்லைக்கூட எவரையும் அவர் எடுக்க விட்டதில்லை.

என் தம்பிக்குச் சாயப்பட்டறை. கழிவுச் சேற்றைக் காயவைத்து மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்குவார்கள். கொட்டகை நிரம்பிவிட்டது, அதிகாரிகளின் சோதனையோ நெருங்கிவிட்டது.

"ஏனுங்ணா, அந்தக் குழி சும்மாதானுங்க கெடக்குது? சோதனை முடிஞ்சதும் எடுத்துக்கறனுங்க. செத்த மாட்டெலும்புக்கு என்ன ஆயிரப் போவுது?"

சிரித்தேன்... ஆம், சிரித்தேன். மூட்டைக்குள் இருக்கும்வரை பாதகமில்லை என்றது என் படிப்பு. தேவசகாயம் ஞாயிறு பூசைக்குப் போயிருந்த வேளையில் திறந்துவிட்டேன். திரும்பி வந்து கேட்டவரிடம் மேலிடத்து அனுமதி என்றேன். நம்பினார்.

மழை பெய்தது. மூட்டைகள் கிழிந்தன. அதிகாரிகள் வந்து சாவி யாரிடம் என்று கேட்டார்கள். "காவலாளியிடம்" என்றேன். பாதி உண்மை! தேவசகாயம் என்னைப் பார்த்தார், தன் சாவியை எடுத்து அவர்களிடம் நீட்டினார். வேலை போயிற்று. கைநீட்டிக் காசு வாங்கியவர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உங்கள் உடம்பிலிருக்கும் பனியனிலும் அதே சாயம்தான் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். நீங்களும் தலையாட்டுவீர்கள். வேண்டாம். இந்தப் பழியில் எனக்கு உங்கள் பங்கு தேவையில்லை.

சில ஆண்டுகள் கழித்து, தம்பி இறந்தபின் பள்ளத்தில் இறங்கினேன். சேற்றுக்கடியில் பழங்கால விலங்கொன்றின் கடைவாய்ப் பல் கிடைத்தது, உள்வரை நீலம் ஊறி. அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போய் அந்த அதிகாரிகளின் அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முடிஞ்சு போன கேசுங்கய்யா. இத வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?" என்றார் அதிகாரி. என் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தேவசகாயம் இப்போது பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணையில் இருக்கிறார். அங்கே போய், பல்லை அவர் முன் வைத்து, உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் அதைத் தொடவில்லை.

"எடுத்த எடத்துல கொண்டு வச்சிருங்க சார். ஒரு கல்லக்கூட யாரையும் எடுக்க விடாதன்னு நீங்கதான சொன்னிய."

தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேலிக்குப் புதுப்பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி எனக்குக் கிடையாது. பல் என் மேசைமேல் இருக்கிறது... ஈரக்கையால் தொட்டால் இன்னமும் விரலில் ஒட்டுகிறது நீலம்.