என் கண்ணுக்கு மட்டும் முதலிடம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அதன்பிறகு நான் முறையாகக் கற்றுக்கொண்டது கவலைப்படுவது ஒன்றைத்தான். அதில் இன்றுவரை நான் பெயிலானது கிடையாது. உத்திரமேரூரில் போர்வெல் போடும் தொழில் எனக்கென்றே அமைந்தது. தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்படலாம். வந்துவிட்டால் எத்தனை நாளைக்கு வரும் என்று கவலைப்படலாம்.

தொழிலுக்கு இருந்த ஒரே விளம்பரம், காஞ்சிபுரம் பஸ் திரும்பும் வளைவில் ஒரு அரிசி மில்லின் மதில். சுவர் பிடிப்பது, கட்சிக்காரர்களைப் பார்த்து ஊரே கற்றுக்கொண்ட வித்தை. பொங்கல் முடிந்ததும் சுண்ணாம்பு அடித்து, மூலையில் 'ரிசர்வ்டு' என்று எழுதி வருஷத்தைப் போட்டுவிட்டால், அந்த வருஷம் சுவர் நம்முடையது. மில் முதலாளியைத் தவிர எல்லாரும் அதை ஒப்புக்கொள்வார்கள். ஏழு வருஷம் அந்த மதிலில் நீல எழுத்தில் என் போன் நம்பர் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். என் மனைவியின் தம்பி பஸ் நிலையத்துக்கு எதிரில் பிரவுசிங் சென்டர் திறந்தான். திறந்த கையோடு எனக்கு ஒரு வெப்சைட்டும் செய்து வைத்தான்.

"செவுறெல்லாம் பழைய கதை மாமா. இனிமே ஜனங்க கம்ப்யூட்டர்லதான் தேடுவாங்க. தேடுனா நம்ம பேரு மொதல்ல வரணும். அதுக்குன்னே ஒரு வேல கீது."

அந்த வேலை என்னவென்றால், பக்கத்தின் அடியில், வெள்ளையில் வெள்ளை எழுத்தாக 'உத்திரமேரூர் போர்வெல்' என்று நாற்பது தடவை எழுதுவது. மனிதர் கண்ணுக்குத் தெரியாதாம், மெஷினுக்கு மட்டும் தெரியுமாம். பள்ளிக்கூடத்தில் நானும் நிறைய இம்போசிஷன் எழுதியவன்தான். அதனால் முதலாவதாக வந்ததாக ஞாபகம் இல்லை.

எனக்கென்று ஒரு ஈமெயிலைத் தொடங்கி, ஓரத்துக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தபடியே விட்டிருந்தான். முதல் நாள் தேடியபோது நான் ஆறாம் பக்கத்தில் கிடந்தேன். சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் போய்த் தேடி, என் பேரைக் கண்டுபிடித்து, திறந்து, எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் இன்னொரு தடவை. இப்படியே சில வாரத்தில் இரண்டாம் பக்கம், முதல் பக்கம், ஒரு செவ்வாய்க்கிழமை முதலிடம்.

"பாத்தியா மாமா! உலகத்துலயே நீதான் மொதல்ல!" என்றான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கே ஆச்சரியம்தான்.

ஒரு நாள் போகாவிட்டால் யாராவது இடத்தைப் பிடித்துவிடுவார்களோ என்று மழையிலும் போனேன்.

உலகத்திலேயே முதலாவதாக வந்தவன் மில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பானா? அந்தத் தை மாதம் சுவரை விட்டேன். மறுநாளே இன்னொரு போர்வெல்காரர் வாளியோடு வந்தார். அவர் ரிசர்வ் செய்தது ஒரு வருஷமல்ல, மூன்று.

"அந்தாளு செவுத்துல ஏறிட்டான். நீ இன்னா பண்ணிக்கினு கீற?" என்றாள் மனைவி.

"நான் இன்டர்நெட்ல மொதல்ல கீறேன்."

"மொதல்ல கீறவனுக்கு ஒரு போனாவது வரணுமே, எங்க காணோம்?"

பங்குனி வந்தது. கிணறு வற்றி ஜனங்கள் போர்வெல்லைத் தேடும் காலம். வருஷப் பிழைப்பே அந்த மூன்று மாதம்தான். என் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. வண்டி ஆட்கள் அந்த ஆளிடம் போய்விடுவார்களோ என்று அவர்களுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு போன். ஏனாத்தூர் பக்கம் வீடு கட்டும் ஒரு காலேஜ் வாத்தியார். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஆள்! வெப்சைட் வேலை செய்துவிட்டது என்று ஓடினேன். மனையில் இரண்டு குச்சி நட்டிருந்தது. நீரோட்டம் பார்க்கிறவர் இரண்டு பேர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் நிமிர்ந்து நிற்கும் என்பது கணக்கு. ஒருவருக்கு இங்கே நிமிர்ந்து நின்றதாம், மற்றவருக்கு இருபதடி தள்ளி.

"ஒரே நிலம்தானே, எது நிஜம்?" என்றார் வாத்தியார்.

"தேங்கா, புடிக்கிற கையப் பொறுத்தது சார்" என்று பெரிய மனுஷன் மாதிரி சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்டர்நெட்ல பாத்துத்தான கூப்ட்டீங்க? அதுல நாமதான் சார் மொதல்ல."

"இல்லையே. போன வருஷம் பஸ்ல போறப்ப ஒரு மில் சுவத்துல பார்த்து நம்பரைக் குறிச்சு வெச்சேன்" என்றார். "ஆனா அப்படியா? பார்ப்போமே."

பக்கத்தில் அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அழைத்துப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். என் கண் முன்னால் 'உத்திரமேரூர் போர்வெல்' என்று அடித்துத் தேடினார். முதலில் வந்தது எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு, குடவோலைத் தேர்தல். இரண்டாவதும் அதே கல்வெட்டு. அப்புறம் ஐதராபாத்தில் ஒரு போர்வெல் கம்பெனி. நாலு பக்கம் தள்ளினார். நான் எங்கேயும் இல்லை.

"சார், உங்க மெஷின்ல ஏதோ கோளாறு."

"கோளாறு இல்லைங்க. அது ஆளைப் பார்த்துக் காட்டும். நீங்க எதைத் தினமும் திறக்கிறீங்களோ, அதை உங்களுக்கு மட்டும் மேலே கொண்டுவந்து வெச்சிடும்."

அரை வருஷம் காலையும் மாலையும் கவலைப்பட்டு, என் கையில் நானே தேங்காயை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் கோயில் சுவரில் எழுதினான். எழுத்து இருக்கிறதா என்று அவன் தினமும் போய்ப் பார்த்திருக்க மாட்டான். அவன்தான் எல்லாருக்கும் முதலாவதாக வருகிறான்.

வாத்தியார் "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். ஊரை ஏமாற்றும் ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு அந்த மனையில் இன்னொரு போர்வெல்காரரின் வண்டி நின்றதைப் பார்த்தேன். தற்செயலாக இல்லை, தினமும் போய்ப் பார்த்ததில், நான்காம் நாள்.

மைத்துனன் அசரவில்லை. "இதுக்கும் வழி கீது மாமா. ஏனாத்தூர்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற வூடு வூடா போயி, நம்ம சைட்ட நீயே தொறந்து விட்டுட்டு வந்துடு." இதையும் நான் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தை மாதம் விடியும் முன்னே வாளியோடு கிளம்பினேன். ஊரில் காலியாக மிச்சமிருந்தது ஒரே சுவர், சுடுகாட்டுப் பாதையில்.

"போறவனுக்கு போர்வெல் எதுக்குய்யா?" என்றாள் மனைவி.

"தூக்கினு போறவங்க பாப்பாங்கல்ல?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நம்பரப் பெருசா எழுது. அவங்களுக்குக் கை காலியா இருக்காது, குறிச்சிக்க முடியாது" என்றாள்.

பெரிதாகத்தான் எழுதினேன். காய்ந்துவிட்டதா என்று சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.